மனிதனாகி வந்த கடவுளும் மனிதர் எழுப்பிய சுவரும்

சமய சித்தாந்தம் என்றவுடனே, அது பண்டிதர்கள் கூடி வாதிப்பதற்குரிய விஷயம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆயினும் ஒரு சமயத்தின் மூலக் கொள்கை எதுவோ, அதுவே அச்சமயத்தாரின் பள்ளிக்கூடத்தையும் சிற்பத்தையும் அன்றாட வாழ்க்கையையும் நாளடைவில் உருவாக்கிவிடுகிறது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

கடவுள் மனித உடலெடுத்து வந்தார் என்பதே கத்தோலிக்க சமயத்தின் உயிர்நிலை. கடவுளே உடலை ஏற்றாரெனில், கண் காணும் உருவமும் செவி கேட்கும் மொழியும் அவருக்கு அந்நியமாக மாட்டா. 1563-ஆம் வருஷத்தில் முடிவுற்ற திரெந்து மகாசங்கம், ஆலயங்களில் திருவுருவங்கள் இருக்கலாம் என்றும், அவை மக்களுக்குப் போதனை செய்யும் என்றும் விதித்தது இக்கருத்துப் பற்றியே.

கல்வியில் இதன் பயனைப் பாருங்கள். முத்துக்குளித்துறையில் பரதவரிடையே தொண்டாற்றிய போர்த்துகல் நாட்டு அண்டிரிக் அடிகளார், அவர்களுடைய மொழியிலேயே போதிக்கத் துணிந்தார். அதன் விளைவாக 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூல் தமிழெழுத்தில் அச்சாயிற்று. பின்னர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதியை இயற்றினார். குறிலும் நெடிலும் மயங்கிய எகர ஒகரங்களைத் திருத்தி, படிப்பவரின் இடர் களைந்தார். அவரது தேம்பாவணியில் சூசையப்பரின் யூதேய நாடு, தமிழ்நாட்டு வயல்வளத்தோடு காட்சி தருகின்றது.

கலையிலும் வாழ்விலும் இதுவே நிகழ்ந்தது. தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்கு 1806-ல் பொற்றேர் ஓடிற்று. வேளாங்கண்ணி மாதா சேலையுடுத்திக் காட்சியளிக்கிறாள். காலை, நண்பகல், மாலை என மும்முறை ஒலிக்கும் ஆலயமணி, கடவுள் மனிதனான செய்தியை நினைந்து செபிக்குமாறு குடும்பத்தாரை அழைக்கிறது.

எனினும், கொள்கை சென்ற தூரம் மனிதர் செல்லவில்லை. தமிழில் முதலில் அச்சிட்ட சபையாரே, திருப்பலியை லத்தீனில்தான் நடத்தி வந்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் இசைந்த பிறகே பீடத்தில் தமிழ் ஒலிக்கலாயிற்று. இதனினும் கொடியது ஜாதி. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனி மண்டபங்கள் அமைந்தன. இரு ஜாதியார் ஒருவரையொருவர் காணாமல் ஒரே கடவுளை வணங்கும் பொருட்டே இந்த ஏற்பாடு! 1910-ல் அப்பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. சுவரோ மீண்டும் எழவில்லை.

இதைக் கேட்டு நாம் அவர்களை இகழ வேண்டா. எவ்வுயிரிலும் இறைவன் உறைகின்றான் என்று வழிவழி ஓதிய நாமும், மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்குத் தாழ்த்தப்பட்டோரை 1939-ல்தானே அனுமதித்தோம்?

ஒரு தத்துவத்தின் பெருமை அது எழுப்பிய கோபுரத்தில் மட்டும் இல்லை. அது இடித்த சுவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் குழந்தைகளுக்குச் சமயம் போதிக்கும் பெற்றோரும் ஆசிரியரும், இன்னும் இடிபடாத சுவர் தம் வீட்டுத் திண்ணையிலோ வகுப்பறையிலோ நிற்கின்றதா என்று முதலில் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.