உயிர் காத்த சிற்றட்டைகள்

வீட்டில் தவழும் குழந்தை, மூலையில் இருந்த புட்டியைத் திறந்து எதையோ விழுங்கிவிடுகிறது. பதறியபடி மருத்துவரிடம் தூக்கிச் செல்கிறோம். "அதில் என்ன இருந்தது?" என்பதே அவர் கேட்கும் முதல் கேள்வி. விடை தாமதமானால் சிகிச்சையும் தாமதமாகும்.

1930களில் அமெரிக்க மருத்துவர்களும் இக்கேள்விக்கு விடையின்றித் திகைத்தனர். துப்புரவுத் திரவம், எலி மருந்து போன்ற பல பொருள்களின் உட்கூறுகள் அவற்றின் மேலுறையில் குறிக்கப்படவில்லை. சிகாகோ நகரின் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்த லூயிஸ் கடால்மன் இதற்கு எளிய வழியொன்றைக் கண்டார். நச்சுப் பொருள்களைப் பற்றிய விவரங்களையும் அவற்றிற்கான சிகிச்சை முறைகளையும் சிறு அட்டைகளில் எழுதிச் சேர்த்தார். பேரேட்டில் வரவு வைப்பதுபோல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அவ்வட்டைகள் பெரும் தகவல் களஞ்சியமாயின. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்கள் தொலைபேசி வழியே அவரது ஆலோசனையை நாடினர்.

1953இல் குழந்தைநல மருத்துவர் எட்வர்டு பிரெஸ் முதலியோரின் முயற்சியால் அந்நாட்டின் முதல் நஞ்சுக் கட்டுப்பாட்டு மையம் சிகாகோவில் தோன்றியது. கடால்மன் சேர்த்த தகவல்கள் அதற்குப் பெருந்துணையாயின. பின்னர் இத்தகைய மையங்கள் அந்நாடெங்கும் பரவின.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு புதுதில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் மருந்தியல் துறையில் தேசிய நஞ்சுத் தகவல் மையம் தொடங்கப்பட்டது. இரவு பகலாக இயங்கும் இம்மையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 116 117. மருத்துவர்கள் மட்டுமன்றிப் பொதுமக்களும் அழைக்கலாம்.

வங்கிப் பணியில் நாங்கள் நாள்தோறும் உணர்வது ஒன்றுண்டு: அமைதியான நாளில் ஒழுங்காக எழுதி வைத்த பதிவே நெருக்கடி நேரத்தில் கைகொடுக்கும். கடால்மனின் வாழ்க்கைப் பணியும் அதையே காட்டுகிறது. அவர் எழுதிய அட்டையால் பிழைத்த குழந்தையின் முகத்தை அவர் பெரும்பாலும் கண்டிருக்க மாட்டார்.

நம் இல்லத்திலும் சில பழக்கங்களைக் கைக்கொள்வோம். மண்ணெண்ணெய், அமிலம், பூச்சிக்கொல்லி ஆகியவற்றைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கலாகாது. மருந்துகளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்தல் நன்று. அசம்பாவிதம் நேரின், மருத்துவர் கூறாமல் வாந்தியெடுக்கச் செய்ய வேண்டாம்; மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிடக்கூடும். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருப்பின் உடனே 108ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குச் செல்கையில் அந்தப் புட்டியை மறவாது உடன் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் முதல் கேள்விக்கு அதுவே விடை.