சிசிடிவி வீடியோ கோர்ட்டுக்குப் போகுதா? சான்றிதழில் எந்த 'ஹாஷ்' கட்டத்தை டிக் செய்யணும்?

சுந்தரபாண்டியத்துல ஒரு கடை வாசல்ல நின்ன பைக் திருடு போகுதுன்னு வச்சுக்குவோம். கடை கேமராவில் எல்லாமே பதிவாகியிருக்கு. வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்பார்? "இதை யாரும் எடிட் பண்ணலைனு எப்படி நம்புறது?"

அதுக்குத்தான் ஹாஷ். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 63(4)-ன்படி மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் தரணும். ஒரு பகுதியை ஆதாரம் தருபவரும், இன்னொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பை எழுதி, எஸ்எச்ஏ-1, எஸ்எச்ஏ-256, எம்டி5, மற்றவை என்ற கட்டங்களில் டிக் செய்யணும்.

ஹாஷ்னா என்ன?

ஃபைலோட கைரேகை. ஃபைல் எவ்வளவு பெருசா இருந்தாலும் அதைக் கணக்கிட்டு ஒரே நீளமுள்ள குறியீடாக மாற்றிடும். எஸ்எச்ஏ-256 என்றால் எழுத்தும் எண்ணும் கலந்து 64 இலக்கம். வீடியோவில் ஒரு துளி மாறினாலும் குறியீடு மொத்தமா மாறிடும். குறியீட்டை வச்சு வீடியோவைத் திரும்ப உருவாக்கவும் முடியாது.

ஃபைலுக்குப் பேரை மாத்தினா ஹாஷ் மாறாது. ஆனா வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவா அனுப்பினால், அது சைஸைச் சுருக்கிடும். கண்ணுக்கு அதே காட்சிதான், ஹாஷ் வேற! பலரும் சறுக்கக்கூடிய இடம் இது.

எதை டிக் செய்யலாம்?

எஸ்எச்ஏ-256. எம்டி5 1991-ல் உருவானது. 2004-ல் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழு, வெவ்வேறு தரவுகளுக்கு ஒரே எம்டி5 ஹாஷ் வருவதைக் காட்டியது. 2017-ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் ஒரே எஸ்எச்ஏ-1 ஹாஷ் உள்ள இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களை வெளியிட்டன. எஸ்எச்ஏ-256-ல் இதுவரை யாராலும் அப்படிச் செய்ய முடியலை.

நியாயமா ஒன்று சொல்லணும். ஏற்கனவே இருக்கும் வீடியோவின் எம்டி5-க்குப் பொருந்துற மாதிரி போலி வீடியோ தயாரிப்பது இன்னும் லேசான வேலை இல்லை. இருந்தாலும், குறை தெரிஞ்சதை டிக் செய்து வக்கீலுக்கு ஒரு கேள்வியை ஏன் எடுத்துக் கொடுக்கணும்?

இன்னொன்று: ஹாஷ் எடுத்ததுக்கு அப்புறம் வீடியோ மாறலைன்னு மட்டும்தான் அது சொல்லும். அதுக்கு முன்னாடி நடந்த வெட்டல் ஒட்டலைக் காட்டிக் கொடுக்காது. அதனால டிவிஆரிலிருந்து நேரடியா பென்டிரைவில் எடுத்ததும், அன்றைக்கே ஹாஷ் எடுத்துடுங்க. தள்ளிப் போட்டால் டிவிஆர் பழைய பதிவின் மேலேயே புதுசை எழுதிடும், வீடியோவே கையில் இருக்காது.