சார்ஜர் சுடுதா? ஈரத்துணி சுத்தாதீங்க!



சென்ற மாதம் காரைக்குடி பக்கத்தில் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டம் முடிந்து கிளம்பும் நேரம். உறுப்பினர் ஒருவர் எங்களை நிறுத்தினார். "மேடம், மூத்தவளுக்கு ப்ளஸ் டூவுல குடுத்த லேப்டாப்ல இப்ப சின்னவ படிக்கிறா. சார்ஜர் தோசைக்கல்லு மாதிரி சுடுது. ஈரத்துணியச் சுத்தி வச்சிருக்கேன், சரிதானே?"

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெட்டிக்குள் வருவது வீட்டுக்கு வரும் அதே 230 வோல்ட் கரண்ட். ஈரம் உள்ளே இறங்கினால் தொடுகிற பிள்ளைக்கு ஷாக் அடிக்கும், உயிரே போகலாம். உடனே அவர் வீட்டுக்குப் போய் முதலில் சுவிட்சை அணைத்தோம்.

2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய பிறகு நம் கிராமத்து வீடுகளுக்கும் லேப்டாப் வந்தது. சார்ஜரை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சார்ஜர் சூடாவது இயற்கைதான். லேப்டாப்புக்கு வேண்டியது பெரும்பாலும் 19 வோல்ட் அளவுதான். 230-ஐ அந்த அளவுக்கு இறக்கும் வேலையில் பத்தில் ஒரு பங்கு போல கரண்ட் சூடாகப் போய்விடுகிறது. மில்லில் அரைத்த மாவு சூடாக வருமே, அது மாதிரி. பேட்டரி காலியாக இருக்கும்போது சார்ஜ் போட்டுக்கொண்டே வீடியோ வகுப்பும் பார்த்தால் சார்ஜருக்கு ரெட்டை வேலை, சூடும் கூடும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

கை வைத்தால் பொறுக்கிற சூடு என்றால் பயம் இல்லை. அந்தச் சூடு வெளியே போக வழி விடணும், அவ்வளவுதான். மெத்தை மேல், தலையணைக்கு அடியில், போர்வைக்குள் வைக்கவே கூடாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையோ, சிமெண்டுத் தரையோ, வெறும் தரையில் வையுங்கள். கை வைக்க முடியாத சூடு, கருகல் வாடை, பிளாஸ்டிக் உப்பல், வயர் பிய்ந்து கம்பி தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் காய்ந்த கையால் சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடுத்துவிடுங்கள். அந்தச் சார்ஜரை மறுபடி போட வேண்டாம்.

அந்த வீட்டில் விஷயம் வேறாக இருந்தது. பழைய சார்ஜர் கெட்டுப்போய், "பின்னு சரியா இருக்கே" என்று மலிவாக ஒன்று வாங்கியிருக்கிறார்கள். நாமெல்லாம் செய்வதுதான்! லேப்டாப்பின் அடியில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 65 வாட். புதுச் சார்ஜரில் 2.37 ஆம்பியர், அதாவது 45 வாட்தான். கன்றுக்குட்டியை வண்டியில் பூட்டின கதை.

சார்ஜர் வாங்கும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்கணும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரியான சார்ஜர் வாங்க அந்த உறுப்பினர் குழுவில் உள்கடன் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்க வீட்டு சார்ஜரையும், லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணையும் கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.