'எல்லோருக்கும் தெரியும்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது

சாதாரண தரம் படிக்கும் உங்கள் பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரைக் கொப்பியை ஒருமுறை திறந்து பாருங்கள். 'எவ்ரிபடி நோஸ்' என்று தொடங்கும் வசனம் ஒன்றாவது இருக்கும். வீட்டுப் பேச்சுக்கு அது போதும். கட்டுரைக்கு அது பொருந்தாது என்று ஆசிரியர்கள் சிவப்பு மையால் கோடிடுவார்கள்.

அதற்குப் பதிலாக டியூஷன் வகுப்புகளில் மூன்று வாசகங்களைப் பாடமாக்கிக் கொடுக்கிறார்கள்: 'இட் இஸ் வைட்லி பிலீவ்ட் தட்', 'இட் இஸ் ஜெனரலி அக்செப்டட் தட்', 'இட் இஸ் வெல் நோன் தட்'. மூன்றும் ஒன்றுதான், அழகுக்காக மாற்றி மாற்றிப் போடலாம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். தவறு அங்கேதான் பிறக்கிறது.

முதலாவது வாசகம், பலர் நம்புகிறார்கள் என்று மட்டுமே சொல்கிறது. அந்த நம்பிக்கை சரியா, பிழையா என்பதற்கு எழுதுபவர் பொறுப்பேற்கவில்லை. சீனப் பெருஞ்சுவர் சந்திரனிலிருந்து தெரியும் என்பது பலருடைய நம்பிக்கை, ஆனால் உண்மையல்ல. அதை 'வைட்லி பிலீவ்ட்' என்று எழுதினால் வசனம் பிழையாகாது. 'வெல் நோன்' என்று எழுதினாலோ, பொய்க்கு நீங்களே சாட்சி நிற்கிறீர்கள். 'ஜெனரலி அக்செப்டட்' இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பெரும்பாலும் அத்துறையை அறிந்தவர்கள் ஏற்றுக்கொண்ட கருத்துக்கே அது பொருந்தும்.

ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இது புதிய விடயமல்ல. 'கால' (சொன்னார்கள்) என்பது உறுதியான வாசகம். 'ருவிய' (அறிவிக்கப்படுகிறது), 'கீல' (சொல்லப்படுகிறது) என்பன பலவீனத்தைக் காட்டும் வாசகங்கள். பலவீனமான செய்தியை உறுதி வாசகத்தால் சொல்வதையும், ஸஹீஹானதைப் பலவீன வாசகத்தால் சொல்வதையும் ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவீ அவர்கள் கண்டித்து எழுதியிருக்கிறார்கள்.

ஆங்கிலத்திலும் இந்த இரண்டாவது தவறு உண்டு. புகைத்தல் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை அமெரிக்க அரசின் தலைமை வைத்திய அதிகாரியின் அறிக்கை 1964இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதைப் போய் 'வைட்லி பிலீவ்ட்' என்று எழுதினால், ஏதோ ஊர்க்கதை போல் ஆகிவிடும். அங்கே 'வெல் எஸ்டாப்ளிஷ்ட்' என்றே எழுத வேண்டும்.

'கன்வென்ஷனல் விஸ்டம்' என்ற சொற்றொடரையும் பிள்ளைகள் விரும்பி எழுதுகிறார்கள். 'விஸ்டம்' என்று இருப்பதால் புகழ்ச்சி என்று எண்ணி விடாதீர்கள். பொருளியலாளர் ஜோன் கென்னத் கல்பிரெய்த் 1958இல் தமது நூலொன்றில் இதைப் பிரபலமாக்கியது, பழக்கத்தால் மட்டும் நிலைத்துப்போன கருத்துகளைச் சாடுவதற்காகத்தான். இதைக் கண்டதும் வாசிப்பவர் அடுத்து ஒரு 'பட்' வரும் என்று காத்திருப்பார். வராவிட்டால் வசனம் பாதியில் நிற்பது போலிருக்கும்.

நேரடியாக மறுக்க வேண்டுமானால் 'கொன்ட்ரரி டு பொபியுலர் பிலீஃப்' இருக்கிறது. சீனி தின்றால் பிள்ளைகள் அடங்காமல் ஓடித்திரிவார்கள் என்று நாம் பெருநாளைக்குப் பெருநாள் சொல்கிறோமே! 1995இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் அப்படியொரு விளைவைக் காணவில்லை. இந்த வாசகத்துக்கு நல்ல உதாரணம் அது. (பல்லுக்குக் கெடுதி என்பது வேறு கதை!)

இன்னொன்று. இவ்வாசகங்களில் நம்புகிறவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. ஆள் தெரிந்தால் ஆளையே எழுதச் சொல்லுங்கள். 'மெனி பேரன்ட்ஸ் பிலீவ்' என்பது சின்ன வசனம்தான். ஆனாலும் யாருடைய நம்பிக்கை என்பது அதில் தெளிவாக இருக்கிறது.