வீட்டிலே நற்கோப்பி தயாரித்தல்

விடியற்காலையில் வயலுக்கோ தோட்டத்துக்கோ புறப்படுமுன் ஒரு கிண்ணம் கோப்பி அருந்துதல் எமது கமக்காரர் பலரின் வழக்கமாகும். கண்டி, மாத்தளை, கேகாலை, பதுளை, நுவரெலியாப் பகுதிகளிலே வீட்டு வளவில் கோப்பிச் செடி வைத்திருப்போரும் பலர். ஆயினும், சொந்த வளவில் விளைந்ததை மலிவாக விற்றுவிட்டுக் கடைத்தூளை விலை கொடுத்து வாங்குவோரைக் காண்கிறோம். காரணம் கேட்டால், "எங்கள் கோப்பி கசக்கிறது, பூஞ்சண மணம் வீசுகிறது" என்பர். இக்குறை பெரும்பாலும் செடியினுடையதன்று. பறித்தல், உலர்த்தல், வறுத்தல், வடித்தல் ஆகிய நான்கு வேலைகளில் ஏதேனும் ஒன்றிலே நேரும் கவனக்குறைவே அதற்குக் காரணமாகும்.

இலங்கை ஒரு காலத்தில் கோப்பிக்குப் பெயர்பெற்ற நாடாக விளங்கியது. 1869ஆம் ஆண்டளவில் இங்கு காணப்பட்ட இலைத்துரு நோய் பரவி, பெருந்தோட்டக் கோப்பியை அழித்தது. அந்நிலங்களிலே தேயிலை இடம்பிடித்தது. எனினும் வீட்டு வளவுகளிலே கோப்பி முற்றாக மறையவில்லை. உயர்ந்த, குளிர்ந்த இடங்களுக்கு அரபிக்கா இனமும், தாழ்ந்த, வெப்பமான இடங்களுக்கு றொபஸ்ரா இனமும் ஏற்றவை. அரபிக்கா மணமும் மென்மையும் உடையது. றொபஸ்ரா கசப்பும் கடுமையும் மிக்கது.

பறித்தல்

மழை பெய்யுந்தோறும் கோப்பி தவணை தவணையாகப் பூப்பதால், ஒரே கிளையில் பச்சைக் காயும் சிவந்த பழமும் சேர்ந்திருக்கும். களவு போய்விடும் என்ற அச்சத்தினால் எல்லாவற்றையும் ஒருசேர உருவிப் பறிப்பது பலரின் பழக்கம். இதனால் வரும் நட்டம் பெரிது. பச்சைக் காயின் கொட்டை நிறையில் குறைந்தது. வறுத்தாலும் சீராகச் சிவக்காது. துவர்ப்பும் கசப்பும் தரும். ஆகவே 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை சென்று, நன்கு சிவந்த பழங்களை மட்டும் கொய்தல் வேண்டும். அயலவர் ஒன்றுகூடிக் காவலுக்கு ஒழுங்கு செய்துகொள்வது, காயைப் பறித்து நட்டப்படுவதிலும் மேலானது.

பறித்த பழங்களை நீரிலே இடுக. மிதப்பவை பொக்கானவை, பூச்சி குடைந்தவை. அவற்றை வேறாக்கிவிட வேண்டும்.

உலர்த்தல்

நெல்லை ஈரத்தோடு மூடை கட்டினால் என்ன நேரும் என்பதைக் கமக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோப்பிக்கும் அதே விதி பொருந்தும். பழத்தை வெறுந்தரையிலே கொட்டாது, பாயிலோ கம்பி வலை அடித்த தட்டிலோ 3 அல்லது 4 சென்ரிமீற்றர் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, நாளுக்குப் பலமுறை கிளறிவிடுக. இரவிலும் மழையிலும் மூடி வைத்தல் வேண்டும். முழுப்பழமாக உலர்த்தினால் இரண்டு, மூன்று வாரங்கள் செல்லும். பழத்தைக் கையிலெடுத்துக் குலுக்கும்போது உள்ளே கொட்டை கலகலவென ஒலித்தால் அது காய்ந்தமைக்கு அடையாளம். கொட்டையின் ஈரம் 11 அல்லது 12 சதவீதமாக இருத்தல் நன்று. ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும்; சில பூஞ்சணங்கள் உடலுக்குத் தீங்கான நஞ்சையும் உண்டாக்கும். அவ்வாறு பழுதடைந்ததை வறுத்துச் சரிப்படுத்த இயலாது.

வறுத்தல்

உமி நீக்கிய கொட்டையை ஒரு வாரத்துக்குப் போதுமான அளவே வறுக்க வேண்டும். கனமான இரும்புத் தாச்சியை மிதமான நெருப்பிலே வைத்து, இடைவிடாது கிளறுக. கொட்டை முதலில் மஞ்சளாகும். பின்பு கபில நிறம் பெற்று, படபடவென வெடிக்கும். இவ்வொலி அடங்கிச் சிறிது நேரத்தில் இறக்கிவிடுவது நன்று. மேலும் வறுத்தால் இரண்டாவது வெடிப்பு எழும். கொட்டை எண்ணெய் கசிந்து கறுக்கும். கறுத்த கோப்பியே தரமான கோப்பி எனக் கருதுவது தவறு. கருகியதில் எஞ்சுவது கசப்பே.

தாச்சியின் சூடு இறக்கிய பின்னும் கொட்டையை வறுத்துக்கொண்டிருக்கும். ஆதலால் உடனே சுளகிலே கொட்டிப் புடைத்து ஆற்றுக. மெல்லிய தோலும் பறந்துவிடும். மல்லி, வேர்க்கொம்பு சேர்ப்போர் அவற்றைத் தனியே வறுத்துச் சேர்க்க வேண்டும். அவை கோப்பிக்கு முன்னரே கருகிவிடும்.

ஆறிய கொட்டையைக் காற்றுப் புகாத போத்தலில் ஒரு நாள் வைத்திருந்து, வேண்டியபோது இடித்து அரித்தெடுக்க. தூளாகிய பின் மணம் விரைவில் நீங்குமாதலால், முழுக்கொட்டையாக வைத்திருப்பதே சிறந்தது.

வடித்தல்

ஒரு லீற்றர் நீருக்கு 55 முதல் 60 கிராம் தூள் போதுமானது. 180 மில்லிலீற்றர் கொண்ட கிண்ணத்துக்கு 10 கிராம், அதாவது மட்டமாக நிரப்பிய இரண்டு மேசைக்கரண்டி எனக் கொள்ளலாம். நீர் கொதித்ததும் கேத்தலை இறக்கி அரை நிமிடம் பொறுத்துத் தூளின் மேல் ஊற்றிக் கலக்கி மூடுக. நான்கு நிமிடங்களின் பின் துணியால் வடிக்க வேண்டும். தூளை நீரோடு சேர்த்துக் கொதிக்கவிடுவதும், வடித்த மண்டியை மறுபடி காய்ச்சுவதும் கசப்பையே கூட்டும். வடிதுணியைச் சவர்க்காரமின்றி வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துக.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினமானது. கோப்பியின் மென்சுவையை மழுக்கும். உவர்ப்பும் கடினமும் குறைந்த நீர் கிடைக்குமிடத்து அதனைப் பயன்படுத்துக. உணவோடு கோப்பி அருந்தினால் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பது குறையும். இரத்தசோகை உள்ளோர் உண்டபின் ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துதல் நலம்.

கணக்கு

ஏறக்குறைய 6 கிலோகிராம் பழத்திலிருந்து ஒரு கிலோகிராம் கொட்டை கிடைக்கும். வறுக்கையில் நிறை குறைந்து 800 முதல் 850 கிராம் வரை எஞ்சும். இது 80 கிண்ணங்களுக்குப் போதும். கடைத்தூள் வாங்குவோர் அதில் ஒரு சிட்டிகையைக் குளிர்ந்த நீரின் மேல் தூவிப் பார்க்கலாம். கோப்பித் தூள் சிறிது நேரம் மிதக்கும். சிக்கரி கலந்திருந்தால் அது விரைவில் நிறம் கசிந்து கீழே அமிழும்.

கமக்காரர்களே! வரும் அறுவடையிலே சிவந்த பழத்தை ஒரு பங்காகவும், உருவிப் பறித்ததை வேறொரு பங்காகவும் உலர்த்தி, ஒரே விதமாக வறுத்து வடித்து, இரண்டையும் அருந்திப் பாருங்கள். எதனை விற்பது, எதனை வீட்டுக்கு வைப்பது, எவ்வாறு பறிப்பது என்பவற்றை அவ்விரு கிண்ணங்களுமே உங்களுக்கு அறிவிக்கும்.