பிரெஞ்சு வினைகளின் அசைப்பிரிப்பும் தமிழ்ப் புணர்ச்சியும்: வெஸ்ட் ஈலிங் மாணாக்கரை முன்வைத்து

லண்டன் வெஸ்ட் ஈலிங்கில், கனக துர்க்கை அம்மன் கோயிலைச் சூழ்ந்து வாழும் ஈழத்தமிழர் பலருக்குப் பாரிஸில் உறவினர் உளர். இவர்தம் பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சு வினைகளை ஆங்கில அழுத்தத்தின் வழியே அசை பிரிக்கின்றனர். அதனினும் அணுக்கமான கருவி வீட்டுமொழியின் இலக்கணத்திலேயே உண்டு.

'நேசித்தல்' எனப் பொருள்படும் 'எமே' என்னும் வினையைக் காண்க (தமிழ் வரிவடிவம் இங்கு ஏறத்தாழவே பொருந்தும்). 'ஜெ' (நான்) என்பதன் ஈற்றுயிர், 'எம்' வரக் கெட்டு 'ஜெம்' ஆகும்; நாடு + எங்கும் = நாடெங்கும் எனக் குற்றியலுகரம் கெடுவதை இஃது ஒக்கும். 'இல்' (அவன்) + 'எம்' என்பதில் லகரத்தின்மேல் எகரம் ஏறி 'இ-லெம்' எனப் பிரியும். இடறல் இங்கேதான். தனிக்குறிலை அடுத்த மெய் உயிர்வரின் இரட்டும் என்பது நம் விதி. 'கல்லெறிந்தான்' போல 'இல்லெம்' என்றே தமிழ் நா விழையும். பிரெஞ்சில் அவ்விரட்டல் இல்லை.

பன்மை இன்னும் கடிது. 'அவர்கள்' என்னும் சொல்லின் ஈற்றில் எழுதப்படும் சகரம் மெய்முன் ஒலியாது. உயிர்முன் மட்டும் அதிர்வொலியாய் எழுந்து, 'இல்-ஸெம்' என அடுத்த அசையைத் தொடங்கும். வினையின் பன்மை விகுதியோ எழுத்தில் மட்டுமே நிற்பது. ஆதலின் 'இல் பார்ல்' என்று கேட்டால், பேசுவோன் ஒருவனா, பலரா எனச் செவி அறியாது. 'எமே' வினையில் எண்ணைக் காட்டுவது அந்த ஒற்றைச் சகரமே. அதனை விழுங்கும் பிள்ளை, பாரிஸ் மாமாவின் மக்கள் அனைவரையும் ஒருவனாக்கிவிடும்.