ஜிப்சியா? ஜிம்னியா? மலைப்பாதைக்கு ஏற்ற வண்டி எது?

சனிக்கிழமை விடியற்காலையில் பெங்களூரில் இருந்து சக்லேஷ்பூர், சிக்மகளூர், குடகு பக்கம் புறப்படும் கார்களைக் கவனித்துப் பாருங்கள். பளபளக்கும் பெரிய கார்களுக்கு நடுவே பெட்டி போன்ற சின்ன வண்டி ஒன்று துள்ளிக்கொண்டு போகும். ஒன்று, சாயம் வெளுத்த மாருதி ஜிப்சியாக இருக்கும். இல்லாவிட்டால், புத்தம் புதிய ஜிம்னியாக இருக்கும்.

மலையேறும் ஆசை பிடித்தவர்களுக்கு இன்று பெரிய குழப்பம் இதுதான். பழைய ஜிப்சியைத் தேடிப் பிடித்து வாங்குவதா? கடன் வாங்கியாவது ஜிம்னியை ஓட்டி வருவதா? சேர்த்து வைத்த பணம் போய்விடக் கூடாது. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் ஆபத்தும் இருக்கக் கூடாது. எனவே, முடிவு எடுக்கும் முன் இரண்டையும் அலசிப் பார்ப்பது நல்லது.

அண்ணன்- தம்பி

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பூர்வீகம் ஜப்பான். 1970-ம் ஆண்டு சுசுகி நிறுவனம் முதல் ஜிம்னியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் என்ஜின் வெறும் 359 சி.சி. நம் ஊர் மோட்டார் சைக்கிள் அளவுதான்! ஆனாலும் நான்கு சக்கரங்களுக்கும் என்ஜினின் விசை போனதால், சேற்றிலும் பனியிலும் அது தயங்காமல் ஏறியது.

அந்த ஜிம்னியின் இரண்டாவது தலைமுறை 1981-ல் பிறந்தது. அதைச் சற்று நீட்டி, 1985 டிசம்பரில் மாருதி நிறுவனம் இந்தியாவில் இறக்கியதுதான் ஜிப்சி. 970 சி.சி. என்ஜின், 45 குதிரை சக்தி, நான்கு கியர். 1996-ல் 1,300 சி.சி. என்ஜினுடன் "ஜிப்சி கிங்" வந்தது. 2000-ம் ஆண்டில் அதன் சக்தி 80 குதிரையாக உயர்ந்தது.

ராணுவம், போலீஸ், வனத்துறை என்று ஜிப்சி போகாத இடம் இல்லை. ரந்தம்பூர் காட்டில் புலி பார்க்கப் போனவர்கள் ஜிப்சியை மறந்திருக்க மாட்டார்கள். புதிய பாதுகாப்பு விதிகளும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் நெருங்கி வந்ததால், பொதுமக்களுக்கான ஜிப்சி விற்பனை 2019-ல் நின்றது.

ஜிம்னியின் நான்காவது தலைமுறை 2018-ல் ஜப்பானில் வெளிவந்தது. ஐந்து கதவு கொண்ட ஜிம்னி 2023 ஜூன் மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அப்போது ஷோரூம் விலை ரூ.12 லட்சத்து 74 ஆயிரத்தில் தொடங்கியது. குருகிராமில் தயாராகும் இந்த வண்டிக்கு இங்கே பெரிய வரவேற்பு இல்லை. ஆனால் 2025-ல் ஜப்பானுக்கு அனுப்பப்போவதாக அறிவித்ததும், சில நாட்களிலேயே சுமார் 50 ஆயிரம் பேர் பதிவு செய்தார்கள். சுசுகி நிறுவனமே பதிவை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று!

பந்தயத்தில் ஜிப்சி

ஜிப்சிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மோட்டார் பந்தயம். 1999-ல் தொடங்கிய "ரெய்டு டி ஹிமாலயா" பந்தயத்தில், பனி மூடிய கணவாய்களில் ஜிப்சிகள் ஆண்டுதோறும் ஓடின. எடை குறைவு என்பதே அதன் பலம். பெரிய வண்டிகள் புதைந்துபோகும் இடத்தில் அது மிதந்து போய்விடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த "சாமுராய்" வண்டி ஒன்று, 2007-ல் சிலி நாட்டின் ஓகோஸ் டெல் சலாடோ எரிமலையில் 6,688 மீட்டர் உயரம் வரை ஏறி, அன்றைய உலக சாதனையை முறியடித்தது.

யாருக்கு வேகம்?

கடைசியாக வந்த ஜிப்சியின் சக்தி 80 குதிரை. எடை சுமார் 1,000 கிலோ. ஜிம்னியின் சக்தி 103 குதிரை. எடை சுமார் 1,200 கிலோ. கணக்குப் போட்டால் ஒரு டன்னுக்கு ஜிப்சிக்கு 80 குதிரை, ஜிம்னிக்கு 86 குதிரை. காகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் ரோட்டில் தெரியும். ஜிப்சியில் லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பு வரை குலுங்கும். ஜிம்னியில் சுருள் ஸ்பிரிங். குலுக்கல் குறைவு. நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஜிப்சியில் பேச வேண்டுமானால் கத்தித்தான் பேச வேண்டும். ஜிம்னியில் சாதாரணமாகப் பேசலாம்.

மலையில் இரண்டும் சளைத்தவை அல்ல. இரண்டுக்கும் ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டம் உண்டு. செங்குத்தான ஏற்றத்துக்கு என்று தனியாக "லோ" கியரும் உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால், ஜிம்னி அந்தச் சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போட்டு, விசையை மறு சக்கரத்துக்கு அனுப்பும். ஜிப்சியில் இந்த வசதி கிடையாது. அங்கே ஓட்டுபவரின் கைத்திறமைதான் துணை.

ஒரு எச்சரிக்கை: காய்ந்த தார் ரோட்டில் இரண்டு வண்டிகளையுமே நான்கு சக்கர கியரில் ஓட்டக் கூடாது. திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருளும். இழுபறி ஏற்பட்டு டயர் தேயும். கியர் பெட்டிக்கும் கேடு.

உயிர் முக்கியம்

ஜிம்னியில் ஆறு காற்றுப் பைகள் இருக்கின்றன. திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வசதியும் உண்டு.

ஜிப்சியில் காற்றுப் பை கிடையாது. பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சுகள். அதில் குழந்தைகளை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் பறப்பது ஆபத்து. இதை ஜிப்சிப் பிரியர்களே மறுக்க மாட்டார்கள்.

ஜிம்னியிலும் ஒரு குறை. நான்கு பேர்தான் உட்காரலாம். தாத்தா, பாட்டியுடன் ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இடம் போதாது.

பெட்ரோல் கணக்கு

ஜிப்சி லிட்டருக்கு 10 கிலோ மீட்டர் கொடுத்தால் அதிர்ஷ்டம். ஜிம்னிக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு 16.94 கிலோ மீட்டர். மலையும் நகர நெரிசலும் கலந்தால் 13 என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 10 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடினால் ஜிப்சி 1,000 லிட்டர் குடிக்கும். ஜிம்னிக்கு 770 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 23 ஆயிரம் ரூபாய் மிச்சம்.

ரிப்பேரில் ஜிப்சி நல்ல பிள்ளை. எஸ்டீம் காரின் என்ஜினும் இதுவும் ஒரே குடும்பம். எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். பெங்களூர் ஜே.சி. ரோடு கடைகளில் உதிரிப் பாகங்களைத் தேடலாம். எதிரி துருதான். கதவின் அடிப்பக்கத்தையும், மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

கோவை, நீலகிரி பக்கம் சொந்தக்காரர் மூலம் ஜிப்சி வாங்கி, பெங்களூருக்குக் கொண்டு வரும் தமிழர்கள் உண்டு. வெளிமாநிலப் பதிவு உள்ள வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால், கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். வண்டி விலையோடு இதையும் சேர்த்தே பேரம் பேசுவது புத்திசாலித்தனம்.

15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5 ஆயிரமாக உயர்ந்தது. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10 ஆயிரம் ஆக்கப்பட்டது.

ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் சேஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங் என்று வண்டியின் அமைப்பையே மாற்றியிருந்தாலும் யோசிக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019-ல் தீர்ப்பு கூறியிருக்கிறது.

எது நல்லது?

வீட்டில் ஒரே வண்டிதான், அதிலேதான் ஆபீசுக்கும் போக வேண்டும், மனைவி மக்களோடு மலைக்கும் போக வேண்டும் என்பவருக்கு ஜிம்னிதான் சரி. கொஞ்சம் கடன் ஆனாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

வீட்டில் வேறு கார் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கையில் ஸ்பேனர் பிடிக்க ஆசை, போகிற இடம் காபித் தோட்டத்து மண் பாதை என்பவருக்கு ஜிப்சியைப் போல ஒரு தோழன் கிடைக்க மாட்டான்.

ஆசைக்கு ஜிப்சி, அன்றாடத்துக்கு ஜிம்னி. எது வேண்டும் என்பதை, போகிற பாதையையும் கூட வருகிற ஆட்களையும் நினைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.